மஞ்சள் வாரம்

பூந்தமல்லியைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. போன மாதம் அங்கே விண்வெளி வாரம் கொண்டாடினார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிக்குப் பேச ஆள் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. அங்கே இப்போது இருப்பவர்களுக்கு நேரம் ஏது? "ரிட்டயர் ஆன விஜயா மேடம் அண்ணனூர்ல சும்மாத்தான் இருப்பாங்க" என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். சும்மா இருப்பவளுக்கு ஒரு சால்வை, பத்து நிமிஷப் பேச்சு, கடைசியில் கேள்வி நேரம்.

எனக்கு முன்னால் பேசிய மாணவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். 'விண்வெளியின் பத்து பயங்கரங்கள்' என்று தலைப்பு. நட்சத்திரத்தையே விழுங்கும் கருந்துளை, ஊரையே தரைமட்டமாக்கும் விண்கல், சூரியனிலிருந்து சீறி வரும் புயல், பக்கத்தில் போனால் உடம்பின் அணுக்களையே பிய்த்துவிடும் காந்த விண்மீன். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் டமால் டுமீல் என்று இசை வேறு. பிள்ளைகள் ஊ என்று கத்தினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கருந்துளை பாவம், அது இருக்கிற இடத்தில் இருக்கிறது. அதற்கு நம் விலாசம் தெரியாது. அங்கே உள்ள ஆபத்துகளில் பாதி நாமே இங்கிருந்து பார்சல் கட்டி அனுப்பியவை என்று அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், உங்க அனுபவத்துல ஸ்பேஸ்ல இருக்கறதுலயே ரொம்ப பயமான பொருள் எது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். வருஷக்கணக்காக நெஞ்சில் கிடக்கிற பதில். வாயில் வந்தது வேறு. "விண்கல்" என்றேன். கை தட்டினார்கள். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ. படித்தது, அப்ரன்டிஸாக இருந்தது, லேத்தில் ஆறு வருஷம் நின்றது எல்லாம் எல்லோருக்கும் இருக்கிற கதைதான். அதற்குப் பிறகு கம்பெனியில் தூசியில்லா அறை ஒன்று கட்டினார்கள். செயற்கைக்கோளுக்குப் போகும் சின்ன வால்வுகளை அங்கே பூட்டிச் சோதித்து அனுப்ப வேண்டும். பெண்களுக்குப் பொறுமை அதிகம் என்று சொல்லி எட்டுப் பேரையும் பெண்களாகவே எடுத்தார்கள். உண்மைக் காரணம் பொறுமை அல்ல, எதிர்த்துப் பேச மாட்டோம் என்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நாங்களும் கடைசிவரை காப்பாற்றினோம்.

வால்வு என்றால் வீட்டுக் குழாய் அளவுக்கு நினைக்க வேண்டாம். கட்டை விரல் பருமன்தான். மேலே செயற்கைக்கோள் தன் நிலை மாறாமல் இருக்க அவ்வப்போது கொஞ்சம் எரிபொருளைப் பீய்ச்சித் தன்னைத் திருப்பிக்கொள்ளும். அந்த எரிபொருளைத் திறந்து மூடுவது இந்த வால்வு. மூடும் இடத்தில் ஒரு தூசி, ஒரு நூல் மாட்டிக்கொண்டால் வால்வு முழுதாக மூடாது. சொட்டுச் சொட்டாக ஒழுகும். எரிபொருள் தீர்ந்தால் அது திரும்பவும் முடியாது, இறங்கவும் முடியாது. செத்த உடம்பாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். துப்பாக்கிக் குண்டு அதன் முன்னால் மாட்டு வண்டி, அவ்வளவு வேகம். இன்னொன்றின் மேல் மோதினால் இரண்டும் தூள். அந்தத் தூள் ஒவ்வொன்றும் மறுபடி ஒரு குண்டு. உரிந்த பெயின்ட் துணுக்குகூட அங்கே கண்ணாடியில் குழி போட்டுவிடும்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் தரப் பிரிவு மேலாளர் சபாபதி சார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். பேசும்போது கைக்குட்டையை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே இருப்பார். மடிப்பு முடிந்து சட்டைப் பைக்குள் போனால் யாருக்கோ அடி விழப்போகிறது என்று அர்த்தம். "மேல ஒழுகுதுன்னா ஏணி எடுத்துக்கிட்டுப் போக ஆள் இல்லம்மா" என்பார். எதைச் சொல்லப் போனாலும் "எழுதுங்க" என்பார். மைக்ராஸ்கோப் பல்பு போய்விட்டது என்றால் எழுதுங்க. தலைவலி, பாதி நாள் லீவு என்றால் எழுதுங்க. எழுதாதது நடக்காதது என்பது அவர் வேதம். ஆரம்பத்தில் நான் அவரை நிஜமாகவே மதித்தேன். அதை மறைப்பானேன்.

அறைக்குள் போவது கோயில் கருவறைக்குள் போவதை விடக் கஷ்டம். முதலில் உடை மாற்றும் அறை. பூவை எடுக்க வேண்டும். பவுடர் கூடாது, விபூதி கூடாது, நெற்றிக் குங்குமத்தையும் வகிட்டுக் குங்குமத்தையும் ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். ஸ்டிக்கர் பொட்டுகூடக் கூடாது. கண்ணாடியில் எட்டுப் பேருக்கும் தனித்தனி இடம் உண்டு. காலையில் ஒட்டிவிட்டுப் போய் மாலையில் எடுத்து வைத்துக்கொள்வோம். பிறகு ரிஜிஸ்டர். பூ, பவுடர், குங்குமம், மஞ்சள் கயிறு என்று நாலு கட்டம். ஒவ்வொன்றிலும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து. அப்புறம்தான் வெள்ளை அங்கி, முகமூடி, தலை உறை, கையுறை.

நாலாவது கட்டம் வந்த கதை இது. முதல் வருஷம் ஆடிப்பெருக்கு முடிந்து வந்த வாரம், வால்வைக் கழுவிய திரவத்தை வடிகட்டிய தாளில் மஞ்சள் தூள் மஞ்சள் தூளாக இருந்தது. சாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆடி பதினெட்டுக்குத் தாலிக் கயிறு மாற்றுவார்கள், புதுக் கயிறு மஞ்சளில் ஊறினது, பத்து நாளைக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும் என்று நாங்கள்தான் விளக்கினோம். மஞ்சளுக்கு இன்னொரு குணம் உண்டு. இருட்டில் புற ஊதா விளக்கை அடித்தால் பச்சை கலந்த மஞ்சளாகப் பளிச்சென்று எரியும். சார் அதைக் கண்டுபிடித்தபோது சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். அன்றிலிருந்து ஒரு விதி வந்தது. புதுக் கயிறு கட்டியவர்கள் ஒரு வாரம் அறைக்குள் வரக் கூடாது, வெளியே உட்கார்ந்து லேபிள் எழுத வேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மஞ்சள் வாரம். உள்ளே மூச்சு முட்ட மூடிக்கொண்டு இருப்பவர்களுக்கு அது பள்ளிக்கூட லீவு மாதிரி. ஊர்க் கதையெல்லாம் அந்த வாரத்தில்தான் பேசித் தீர்ப்போம்.

அந்தப் பேச்சில் பாதி தனத்தின் பேச்சாக இருக்கும். தனலட்சுமி வெள்ளானூர்க்காரி. பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பம், நிலம் மனையாகிப் போன பிறகு வேலைக்கு வந்தவள். வால்வு பூட்டுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. ஸ்பிரிங்கை இடுக்கியில் எடுத்து உள்ளே இறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள், இறக்கியதும் "குந்திச்சு" என்பாள். அவள் பூட்டியதை நான் ஆய்வு செய்வேன். மூடியைத் திறந்து வாயை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. வால்வோடு போகும் அட்டையில் பூட்டியவர் தனலட்சுமி, ஆய்வாளர் விஜயா என்று இரண்டு கையெழுத்து சேர்ந்தே இருக்கும். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

சில வருஷம் கழித்து ஒரு ஆடிப்பெருக்கு நேரத்தில் அவசர ஆர்டர் ஒன்று வந்தது. அனுப்ப வேண்டிய நாளும் மஞ்சள் வாரமும் ஒன்றாக விழுந்தன. ஆடி பதினெட்டுக்கு முந்தின நாள் மாலை சபாபதி சார் உடை மாற்றும் அறை வாசலில் வந்து நின்றார். அங்கே தனமும் நானும் மட்டும் இருந்தோம்.

"நாலு நாள்தான்மா. கயிறு மாத்தினவங்க மேல டேப் சுத்திக்கிட்டு உள்ள வந்துடுங்க. ரிஜிஸ்டர்ல எப்பவும் போல 'இல்லை'ன்னே போட்டுடுங்க."

"எழுதித் தர்றீங்களா சார்?" என்று தனம் சிரித்துக்கொண்டே கேட்டாள். அவர் மந்திரத்தை அவரிடமே சொல்லிவிட்ட குறும்பு.

"இதுக்கெல்லாம் எதுக்கும்மா எழுத்து" என்றார் அவர்.

ஆடி பதினெட்டு அன்று காலையில் தனம் புதுக் கயிறு கட்டிக்கொண்டாள். அது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியாதது, நானும் கட்டிக்கொண்டேன். வழக்கமாக எனக்குத் தங்கச் சங்கிலி. அந்த வாரம் பார்த்து அதன் கொக்கி அறுந்து தட்டானிடம் கிடந்தது. வெறுங்கழுத்தோடு இருக்கக் கூடாது என்று மாமியார் பிடிவாதம் பிடித்தார். எங்கள் பக்கம் ஆறு ஏது? மோட்டார் போட்டு, பைப்படியிலேயே தண்ணீருக்குக் கற்பூரம் காட்டி, மஞ்சள் சொட்டச் சொட்ட ஒரு கயிற்றைக் கட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் ரயில் ஷெட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அதற்கு வேண்டிய மூன்று முடிச்சையும் போட்டுவிட்டு ஓடினார். நான் வேலைக்கு வந்தேன். ரிஜிஸ்டரில் நாலு 'இல்லை' போட்டேன். எனக்குத்தான் சங்கிலி ஆயிற்றே என்கிற பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. டேப் சுற்றவில்லை. அங்கியின் கழுத்துப் பட்டனை மேல்வரை போட்டதோடு சரி.

மறுநாள் மதியம் அது நடந்தது. இரண்டு தட்டு வால்வு தயாராகியிருந்தது, தட்டுக்கு ஆறு. முதல் தட்டு தனம் பூட்டியது, இரண்டாவது இன்னொருத்தி பூட்டியது. இரண்டையும் ஆய்வு செய்தது நான். தட்டுக்கு ஒன்றை எடுத்து ஆல்கஹாலால் உள்ளே அலசி, அந்தத் திரவத்தை வட்டத் தாளில் வடிகட்டி, தாளைக் கறுப்புத் திரை போட்ட மறைப்புக்குள் விளக்கில் காட்டுவது முறை. இரண்டாவது தட்டுத் தாள் சுத்தம். முதல் தட்டுத் தாளில் கண் இமை மயிரில் பாதி நீளத்துக்கு ஒரு நூல். பச்சை கலந்த மஞ்சளாக எரிந்தது.

சார் பார்த்தார். கைக்குட்டை மடிந்து பைக்குள் போனது. அட்டையை எடுத்து முதல் கையெழுத்தைப் படித்தார். இரண்டாவதுக்கு அவர் கண் போகவே இல்லை.

"தனலட்சுமி அம்மாவைக் கூப்பிடுங்க. விஜயாம்மா, விளக்கைப் பிடிங்க" என்றார்.

மற்றவர்களும் வந்து திரைக்கு வெளியே நின்றார்கள். உள்ளே தனமும் நானும் எதிரெதிரே, சார் பக்கத்தில். தலை உறையைக் கழற்றச் சொன்னார். "கழுத்தைக் காட்டும்மா" என்றார். அங்கியின் மேல் பட்டனை அவள் கழற்றினாள். நான் சுவிட்சைத் தட்டி விளக்கை அவள் பக்கம் திருப்பினேன். அவள் கயிற்றின் மேல் நேர்த்தியாக டேப் சுற்றியிருந்தாள், ஒரு இழைகூட வெளியே தெரியவில்லை. ஆனால் மஞ்சள் பூசிக் குளித்த கழுத்து. தோல் முழுக்கப் பச்சையாக எரிந்தது. காதுக்குக் கீழே, தொண்டைக் குழியில் எல்லாம். சந்தைக்கு வந்த மாட்டைப் பார்ப்பது போல ஆள் மாற்றி ஆள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் என் மேல் படாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் நினைப்பு. கையை முன்னால் நீட்டியே பிடித்திருந்தேன், தோள் வலித்தது.

"போதும்" என்றார் சார். "ரிஜிஸ்டர்ல கயிறு இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா. இது பொய்க் கையெழுத்து."

"சார், நீங்கதான 'இல்ல'ன்னு போடச் சொன்னீங்க?"

"எங்க எழுதியிருக்கு? காட்டுங்க."

தனம் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீயும் கேட்டுகினுதான இருந்த. சொல்லுக்கா."

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல தனம்" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் சொன்னேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. அடுத்த மாதம் எனக்குப் பிரிவுப் பொறுப்பு வரப்போவதாகப் பேச்சு இருந்தது, மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஒரு நோட்டு நிரம்பும். பயந்தேன், அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் வேலை போய், தனம் ஸ்டிக்கர் பொட்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எல்லோரும் கிளம்பிய பிறகு அதே விளக்கை எடுத்தேன். முதலில் தனத்தின் மேஜையில் காட்டினேன். ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பிறகு என் மேஜை. மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, நான் குனிந்து பார்க்கும் இடத்துக்கு நேராக, பச்சைப் புள்ளிகளாக எரிந்தன. நாலைந்து இழைகளும் கிடந்தன. அந்த மேஜையில் தனம் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அங்கிப் பட்டனைக் கழற்றி ஸ்டீல் கதவில் என் கழுத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை.

ஆல்கஹாலில் துணியை நனைத்து மேஜையைத் துடைத்தேன். பிறகுதான் இரண்டாவது தட்டு ஞாபகம் வந்தது. தனம் பூட்டிய தட்டைப் பிரித்துக் கழுவ உத்தரவாகிவிட்டது. ஆனால் இரண்டாவது தட்டும் இதே மேஜைக்கு, இதே கழுத்துக்குக் கீழேதான் திறந்து கிடந்தது. ஆறில் ஒன்றைத்தான் அலசிப் பார்த்தோம். மற்ற ஐந்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பையில் போட்டு, சூடு வைத்து ஒட்டி, என் கையெழுத்தோடு அனுப்பும் பெட்டிக்குள் இருந்தன. ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதினால் பெட்டி போவது நின்றுவிடும். பேனா என் பையில்தான் இருந்தது. காலையில் வண்டி வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்த ஐந்தும் எந்தச் செயற்கைக்கோளில் போயின, போயினவா, இன்னும் அலமாரியில் கிடக்கின்றனவா, ஒன்றும் தெரியாது. எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிக்கு அதெல்லாம் சொல்ல மாட்டார்கள். டிவியில் ராக்கெட் கிளம்பும்போது அக்கம்பக்கத்தில் எல்லோரும் கை தட்டுவார்கள், நான் சமையலறைக்குள் போய்விடுவேன். எங்கோ ஒரு செயற்கைக்கோள் தொடர்பை இழந்தது என்று செய்தி வந்தால், வெளிநாட்டுக்காரனுடையது என்று தெரிந்த பிறகும் அந்தச் செய்தியை மறுபடி மறுபடி படிப்பேன். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று ஒழுகுவது காதில் கேட்பது போல இருக்கும். காற்றே இல்லாத இடத்தில் சத்தம் ஏது என்று எனக்குத் தெரியாதா என்ன?

எனக்குப் பொறுப்புப் பதவி வந்தது. அடுத்த ஆடிப்பெருக்குக்கு முன்னால் முதலாளி விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு அறைக்குள் வந்தார். கையில் ஏதோ கோயிலில் கட்டிய மஞ்சளும் சிவப்புமாக ஒரு கயிறு, கையுறைக்கு மேலே பிதுங்கிக்கொண்டிருந்தது. சபாபதி சார் அதைப் பார்த்தார், நான் பார்ப்பதையும் பார்த்தார், கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றோடு எனக்கு அவர் மேல் இருந்த மதிப்பு போயிற்று. என் மேல் இருந்தது அதற்கு முன்னாலேயே போயிருந்தது. அவர் ஓய்வு பெற்ற விழாவில் நான்தான் வாழ்த்து வாசித்தேன். இப்போது தூசியை எண்ணுவதற்கு இயந்திரம் வந்துவிட்டது, ஒவ்வொரு வால்வையும் அலசுகிறார்களாம். என் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷமாகிறது. இன்றைக்கு என் கழுத்தில் கயிறும் இல்லை, சங்கிலியும் இல்லை. நாலு கட்டத்திலும் பொய்யில்லாமல் 'இல்லை' எழுத இப்போதுதான் முடியும்.

மறுபடி கல்லூரிக்கு வருகிறேன். கூட்டம் கலைந்து பிள்ளைகள் டிபனுக்கு ஓடிவிட்டார்கள். சால்வையை மடித்துக்கொண்டிருந்தேன். நீலச் சீருடை போட்ட ஒரு பெண் வாளியோடு மேடைப் பக்கம் வந்தாள். துடைக்கும் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, நல்லா கீறியா?"

தனம். தலை முக்கால் நரைத்திருந்தது. நான் எழுந்துவிட்டேன். எங்கே போனாய், எப்படி இருக்கிறாய் என்று ஏதேதோ கேட்டேன். வேறு எந்தக் கம்பெனியிலும் எடுக்கவில்லையாம். பொய்க் கையெழுத்து என்று எழுதிக் கொடுத்த தாளைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் முழுக்க அலைந்தாளாம். கொஞ்ச நாள் வீட்டு வேலை, அப்புறம் இங்கே துப்புரவு. ஊர்க் கதை சொல்வது மாதிரி சொன்னாள்.

"தனம், அன்னைக்கு அந்த நூல்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீ சுவிட்ச் தட்டுறப்ப லைட்டு உன் கழுத்துல ஒரு தபா அடிச்சுது. மேல் பட்டன் பக்கத்துல கயிறு தெரிஞ்சுது. உனுக்கும் எரிஞ்சுதுக்கா, பச்சையா. எதுக்க நின்னுகினு இருந்தவ நான், எனுக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீயே சொல்லுவன்னு பாத்தேன்" என்றாள். கோபமே இல்லாத குரல். கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மாப்பை எடுத்து வாளியில் நனைத்துப் பிழிந்தாள். "இப்பக்கூட அந்தப் பொண்ணு எந்திரிச்சு கேட்டுச்சே, எது பயம்னு. பின்னால மாப்பைப் புடிச்சுகினு நின்னுகினு இருந்தேன். சரி, இப்பவாச்சும் சொல்லும்னு நெனச்சேன். நீ கல்லுன்ட்ட."

நான் நின்ற இடத்தை விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனாள்.

ஒரு மாதம் கழித்து வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கம்பெனியில் குறை எழுதும் தாளுக்கு ஒரு முறை உண்டு, அதன்படியே முடிக்கிறேன். பொருள்: வால்வு, ஐந்து. குறை: உள்ளே மஞ்சள் இழை இருக்கலாம். இருக்கும் இடம்: தெரியாது, தலைக்கு மேலே எங்கோ. காரணம்: ஆய்வாளரின் தாலிக் கயிறு. பூட்டியவர் மேல் தவறு இல்லை. ரிஜிஸ்டரில் 'இல்லை' என்று போடச் சொன்னது மேலாளர், கேட்டவர்கள் இருவர், அதில் ஒருத்தி நான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையெழுத்து: விஜயா. கடைசியில் 'எடுத்த நடவடிக்கை' என்று ஒரு கட்டம் வரும். அதில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.